முலாம் பூசிய சக்கரங்கள் குறித்து அப்துல் வதூது சொன்னது

1963-ஆம் வருடம் ஜூலை மாதம் 5-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, கடலூரில் விசாரணை அதிகாரி முன் தாமாக ஆஜராகிச் சொல்லியபடி எழுதப்பட்டது.

என் பெயர் அப்துல் வதூது. தகப்பனார் பெயர் முஹம்மது இஸ்மாயில், காலஞ்சென்றவர். எனக்கு வயது நாற்பது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன், கடைக்குப் பின்கட்டிலேயே குடியிருக்கிறேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. என்னை யாரும் அழைத்து வரவில்லை. இன்று ஜும்ஆ தொழுகை முடித்துவிட்டு நேராக இங்கே வந்தேன். சென்ற மாதம் 16-ஆம் தேதி உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த பழைய விமானத் தளத்தில் நடந்த மோட்டார் பந்தயத்தில் சிதம்பரம் அரிசி மில் தில்லைநாதன் இறந்துபோனது சம்பந்தமாக அன்றைக்கே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் சொன்னது பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. மிச்சத்தைச் சொல்ல வந்திருக்கிறேன்.

தில்லைநாதனை எனக்கு ஐந்து வருடமாகத் தெரியும். அவருக்கு வயது முப்பத்தாறு. மனைவி பெயர் தங்கம்மாள், இரண்டு பெண் குழந்தைகள். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பச்சை நிற எம்.ஜி. கார் ஒன்றை அவர் வாங்கியிருந்தார். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை அதை அமெச்சூர் பந்தயங்களில் ஓட்டுவார். ஜெயித்தால் ஒரு கோப்பை, தோற்றால் ஒரு டீ, அவ்வளவுதான் அந்தப் பந்தயம். அந்தக் காருக்குத் தகட்டுச் சக்கரம் கிடையாது, சைக்கிளுக்கு இருப்பதுபோலப் போக்ஸ் கம்பி கோர்த்த சக்கரம்தான். ஒரு சக்கரத்துக்கு நாற்பத்தெட்டுக் கம்பி. 1958-ல் அதில் ஒரு சக்கரம் கோணிப்போய், மோட்டார் ஒர்க்‌ஷாப்காரர்கள் எல்லோரும் கையை விரித்துவிட்டதால், அவர் அதைப் பஸ்ஸின் மேலே கட்டி எடுத்துக்கொண்டு சிதம்பரத்திலிருந்து என் கடைக்கு வந்தார். வந்து, "இதுவும் சைக்கிள் சக்கரந்தாங்க, கொஞ்சம் தின்னு கொழுத்துப் போச்சு" என்றார். நான் சிரித்துவிட்டேன். இரண்டு நாளில் கோட்டம் எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு அந்தக் காரின் ஐந்து சக்கரத்திலும் என் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. எங்களுக்குள் என்ன உறவு என்று கேட்கிறீர்கள். முறை என்று எதுவும் இல்லை. அவர் எனக்கு மச்சான், நான் அவருக்கு மச்சான், தங்கம்மாளுக்கு நான் அண்ணன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பந்தயத்துக்கு முன்பு எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கம்பியாக நான் ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வருவேன். முறுக்கு சரியாக இருந்தால் எல்லாக் கம்பியும் ஒரே சத்தம் கொடுக்கும். தளர்ந்தோ விரிசல் விட்டோ இருந்தால் சத்தம் செத்துப்போய் வரும், அதை மாற்றிவிடுவேன். நாலு சக்கரமும் தட்டி முடித்து நான் பிஸ்மில்லா சொல்லி எழுந்த பிறகுதான் அவர் நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு வண்டியில் ஏறுவார். ஐந்து வருடத்தில் அது ஒரு தடவைதான் தவறியது.

அந்தச் சக்கரங்களுக்கு வெள்ளிப் பெயிண்ட்தான் அடித்திருக்கும். எனக்கு அது பிடிக்காது. சைக்கிள் கடைக்காரன் கண்ணுக்குக் கம்பி என்றால் பளபளக்க வேண்டும். நிக்கல் முலாம் போடலாம் என்று நான் பல தடவை சொன்னேன். அவர், "வேணாம் மச்சான், திராவகத்துல முக்கி முலாம் போட்டா கம்பி உள்ளுக்குள்ளயே நொறுங்கிப் போவுமாம், மெட்ராஸ்ல ரேஸ் ஓட்டறவுங்க சொல்றாங்க" என்றார். நான், "என் கடையில தொங்கற கம்பி பூரா முலாம் போட்டதுதான். எது உடைஞ்சுச்சு காட்டு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றிவிட்டார். சைக்கிளில் ஏறுவது ஒரு ஆள். அந்தக் கார் அறுபது மைல் வேகத்தில் திரும்பும்போது கம்பி மேல் எவ்வளவு பாரம் ஏறும் என்று நான் யோசிக்கவில்லை. இருபது வருடம் சக்கரம் கட்டினவன் யோசித்திருக்க வேண்டும். மெட்ராஸ்காரனுக்கு என்ன தெரியும் என்ற திமிர்தான் எனக்கு இருந்தது.

என் ஒரே மகள் மெகருன்னிசாவுக்கும் மங்கலம்பேட்டை ரஃபியுதீனுக்கும் பக்ரீத் கழிந்து மே மாதம் 19-ஆம் தேதி காலையில் நிக்காஹ். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத் தன் காரையே தருவதாகச் சொல்லி, பத்து நாள் முன்பே அதை என் கடையில் விட்டுவிட்டு தில்லைநாதன் மில் வேலையாகத் தஞ்சாவூர் போய்விட்டார். அப்போது நான் அவரைக் கேட்காமல் நாலு சக்கரத்தையும் பிரித்து, கம்பிகளைப் புதுச்சேரியில் முலாம் போடும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அந்தப் பட்டறைக்காரர், "எதுக்கு பாய் இது?" என்று கேட்டார். கல்யாண ஊர்வலத்துக்கு என்றேன். பந்தயத்துக்கும் இதே கம்பிதான் என்று சொல்லவில்லை, ஆகையால் அவர் மேல் குற்றம் இல்லை. அதன் பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து நாலு சக்கரத்தையும் கோர்த்துக் கோட்டம் எடுத்தேன். காரின் பின்னால் தொங்கும் ஸ்டெப்னிக்கு மட்டும் நேரம் இல்லாமல் போனதால் பழைய பெயிண்டோடு விட்டுவிட்டேன். மச்சான் திரும்பி வந்து பார்த்தால் அசந்துபோக வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

19-ஆம் தேதி காலை அவர் வந்து பார்த்தார். வெயிலில் நாலு சக்கரமும் கண்ணைப் பறித்தன. அவர் காரை ஒரு சுற்று சுற்றி வந்து, குனிந்து ஒரு கம்பியை விரலால் சுண்டினார். நான் பக்கத்தில் இளித்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகு அவர் நிமிர்ந்து என் தோளில் கையைப் போட்டு, "ஜொலிக்குது மச்சான். மாப்பிள்ளய விட சக்கரந்தான் ஜோரா இருக்கு" என்றார். அவர் முகம் மாறியதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மகளைக் கட்டிக்கொடுக்கிற அன்று தகப்பன் யார் முகத்தைப் பார்த்தான். பேண்டு செட்டுக்குப் பின்னால் நடக்கிற வேகத்தில் அவரே மாப்பிள்ளையை வைத்து ஓட்டி வந்தார். அதன் பிறகு காரை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போய்விட்டார்.

ஜூன் மாதம் 16-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சம்பந்தி வீட்டு விருந்துக்கு மங்கலம்பேட்டை போயிருந்தேன். பந்தயம் நடக்கும் இடம் அங்கிருந்து பக்கம்தான். என் மச்சான் கார் ஓட்டுவதையும் என் கை பட்ட சக்கரம் ஓடுவதையும் பார்க்க வேண்டும் என்று பெருமை பேசி, சம்பந்தி, மகள், மாப்பிள்ளை உட்படப் பதினோரு பேரை ஒரு வேனில் அழைத்துப் போனேன். வருவதாக நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. எங்களைப் பார்த்ததும் தில்லைநாதன், "நீ வரேன்னு சொல்லவே இல்லியே மச்சான்" என்றார். என் சம்பந்தி அவரிடம், "ஒங்களப் பத்தியேதான் பேச்சு தம்பி, காலைலேர்ந்து" என்றார். தில்லைநாதன் என்னையும் சம்பந்தியையும் பார்த்துவிட்டு, "ஓட்டிருவோம் மாமா" என்று சொல்லி, பந்தயம் நடத்திய தட்சிணாமூர்த்தி இருந்த மேஜைக்குப் போய் ஏதோ பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்பது போன செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. சக்கரம் சரியில்லை, ஓட்டப்போவதில்லை, கொடி காட்ட மட்டும் வந்திருக்கிறேன் என்று அன்று காலையில் அவர் தன் பெயரை அடிக்கச் சொல்லியிருக்கிறார். எங்கள் வேன் வந்து நின்ற பிறகுதான் மறுபடி பெயரைச் சேர்த்திருக்கிறார். தட்சிணாமூர்த்தியை விசாரித்தால் அவரும் இதைச் சொல்வார்.

அதன் பிறகு அவர் காரின் முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டெப்னியை மாட்டினார். "ஏன் அந்த நரைச்ச சக்கரத்த மாட்டற?" என்று கேட்டேன். "காத்து எறங்கிப் போச்சு" என்றார். அந்தத் தளத்தில் பாதையைக் காட்ட டிரம் வைத்த மூலைகள் எல்லாம் வலது பக்கம் திரும்புகிறவை, அப்படித் திரும்பும்போது பாரம் முழுக்க இடது சக்கரங்கள் மேல்தான் விழும். அவரிடம் முலாம் போடாத சக்கரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை எங்கே மாட்ட வேண்டுமோ அங்கே மாட்டியிருக்கிறார். இது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

வழக்கப்படி கம்பிகளைத் தட்டிப் பார்க்க நான் சட்டைக் கையை மடித்தேன். அவர் ஸ்பேனரை என்னிடம் கொடுக்காமல், "இன்னிக்கு நீ சம்மந்தி. வெள்ளச் சட்டையில கிரீஸ் பட்டா மெகரு என்னத்தான் திட்டும். போயி நாற்காலியில உக்காரு மச்சான்" என்றார். நானும் போய் உட்கார்ந்தேன். உட்கார எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அவரே தட்டிப் பார்த்தார். பின்பக்க இடது சக்கரத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். நான் இருந்த இடத்திலிருந்தே "என்னா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார். அன்றைக்கு நான் பிஸ்மில்லா சொல்லவும் மறந்துபோனேன்.

மொத்தம் எட்டுச் சுற்று, ஒன்பது கார்கள். முதல் மூன்று சுற்றும் அவர் எல்லோருக்கும் கடைசியாக, மூலைகளில் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தித் திருப்பிக்கொண்டு போனார். அவர் அப்படி ஓட்டி நான் பார்த்ததே இல்லை. என் சம்பந்தி, "என்னா சம்மந்தி, ரேஸ்காரருன்னு சொன்னீங்க, ஜட்கா வண்டி கணக்கா போறாரே" என்றார். வேனில் வந்தவர்கள் சிரித்தார்கள், என் மாப்பிள்ளையும் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று பட்டது. எழுந்து கயிறு கட்டியிருந்த இடத்துக்குப் போய் நின்றுகொண்டு, நான்காவது சுற்றுக்கு அவர் என்னைக் கடக்கும்போது இரண்டு கையையும் வாயில் குவித்து, "மச்சான்! இன்னும் ஊர்வலந்தான் போறியா? மிதிடா!" என்று கத்தினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரித்தார். ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டு மிதித்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி நான்தான்.

அந்தச் சுற்றில் அவர் இரண்டு கார்களைத் தாண்டினார். என் சம்பந்தி எழுந்து நின்று கை தட்டினார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஐந்தாவது சுற்றில் மூலை டிரம்மைத் திரும்பும்போது பட் பட்டென்று கம்பிகள் முறிகிற சத்தம் கேட்டது. கூட்டத்தில் மற்ற யாருக்கும் அது என்ன சத்தம் என்று தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்தது. பின்பக்க இடது சக்கரம் அப்பளம்போல மடங்கியது. கார் இரண்டு தடவை புரண்டது. அவர் வெளியே தூக்கி எறியப்பட்டுத் தரையில் கிடந்தார். நாங்கள் வந்த வேனிலேயே அவரைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தலை என் மடியில் இருந்தது. வழியில் ஒரு தடவை கண்ணைத் திறந்து, "நான்தான் ஜாஸ்தி மிதிச்சிட்டேன் மச்சான். கேக்கறவங்ககிட்ட அப்படியே சொல்லு" என்றார். ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள் உயிர் போய்விட்டது. என் வெள்ளைச் சட்டையில் கிரீஸ் படவில்லை.

அன்று மாலை கொடுத்த வாக்குமூலத்தில் அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தையை மட்டும் சொன்னேன். நான் கத்தியதையும் முலாத்தையும் சொல்லவில்லை. கம்பி முறிந்ததற்கு முலாம்தான் காரணம் என்று அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் விரும்பவும் இல்லை. அதை வைத்துத்தான் அவர் காரை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி விபத்துக்குள்ளானார் என்று உங்கள் காகிதத்தில் எழுதினீர்கள். ஊரில் அதைவிட மோசமாகப் பேசினார்கள். குடித்திருந்தார் என்றார்கள். இரண்டு பெண்ணைப் பெற்றவனுக்கு விளையாட்டுக் கார் ஒரு கேடா என்றார்கள். கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஜூலை 1-ஆம் தேதி திங்கட்கிழமை பதினாறாம் நாள் காரியத்துக்குச் சிதம்பரம் போனேன். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு தங்கம்மாள் என்னை உள்ளே கூப்பிட்டு, மெட்ராஸிலிருந்து வந்ததாக ஒரு கனமான பார்சலைக் காட்டி, "கம்பிங்க மாதிரி இருக்குதுண்ணே. ஒங்க கடை சாமானா இருக்கும், எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். அதன் பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "அன்னிக்கிக் கெளம்பறப்ப, ஓட்டவே மாட்டேன், அப்பிடியே ஓட்டினாலும் மெதுவாத்தான் போவேன்னு என் கையில அடிச்சுச் சொல்லிட்டுப் போனாருண்ணே. அஞ்சு வருசமா எத்தனையோ பந்தயம், என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. போற அன்னிக்கித்தான் பொய் சொல்லணுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். "சின்னப் புள்ளைங்களப் பாத்துக்கம்மா" என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பார்சலைப் பஸ்ஸின் மேலே போடச் சொன்னார்கள். நான் கொடுக்காமல் கடலூர் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் கடையில் அதைப் பிரித்தேன். உள்ளே நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கம்பிகள் இருந்தன. நாலு சக்கரத்துக்குச் சரியாக வரும். எல்லாம் புதுசு, முலாம் போடாதவை. கூடவே தில்லைநாதன் இங்கிலீஷில் எழுதிய ஆர்டர் கடிதத்தையும் மெட்ராஸ் கடைக்காரர்கள் திருப்பி வைத்திருந்தார்கள். என் பக்கத்துக் கடையில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கும் பழனிவேல் அதைப் படித்துத் தமிழில் சொன்னார். கடிதத்தின் தேதி மே மாதம் 20, அதாவது என் மகள் கல்யாணத்துக்கு மறுநாள். அதில் இருந்தது இதுதான்: "கம்பிகளுக்கு எந்த முலாமும் வேண்டாம். சீக்கிரம் அனுப்பவும். கடலூர் சைக்கிள் கடை விலாசத்துக்கு அனுப்ப வேண்டாம், என் வீட்டுக்கே அனுப்பவும். அங்கே சக்கரம் கட்டுகிறவர் என் மச்சான், தெரிந்தால் மனசு கஷ்டப்படுவார். பழைய கம்பி துருப்பிடித்துவிட்டது என்று சொல்லி நானே அவரிடம் கொடுத்துக் கோர்த்துக்கொள்கிறேன்." பழனிவேல் இன்னொரு தடவை படிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதன் பிறகுதான் நான் தட்சிணாமூர்த்தியைப் போய்ப் பார்த்தேன்.

அன்று கழற்றி வைத்த முன்பக்கச் சக்கரம் என்னிடம் இருந்தது. அதை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். அதில் காற்று இறங்கவில்லை, இருபது நாளாகியும் அப்படியே இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பியைக் கழற்றித் தங்கள் முன்னிலையில் கையால் வளைத்தேன், முருங்கைக் குச்சி மாதிரி முறிந்தது. பார்சலில் வந்த கம்பி ஒன்றையும் அதேபோல வளைத்தேன், அது வளைந்ததே தவிர முறியவில்லை. சக்கரத்தையும் இரண்டு கம்பிகளையும் கடிதத்தையும் ஒப்படைக்கிறேன். மிச்சக் கம்பிகள் கடையில் இருக்கின்றன. கோர்ப்பதற்குக் கார் இல்லை.

அவர் எல்லாம் தெரிந்தேதான் ஓட்டியிருக்கிறார். என் சம்பந்தி முன்னால் என் தலை குனியக் கூடாது என்று ஓட்டியிருக்கிறார். அப்படியும் தன் பெண்டாட்டிக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றி மூன்று சுற்று மெதுவாகத்தான் போனார். நாலாவது சுற்றில் நான் கூப்பிட்டேன். சாகும்போது பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு என்னைக் கரையேற்றிவிட்டுப் போகப் பார்த்தார். அந்தக் கரை எனக்கு வேண்டாம்.

உங்கள் காகிதத்தில் உள்ள அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் என்ற சொற்களை அடித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. இங்கிருந்து யாராவது ஒருவர் சிதம்பரம் போய், இதைத் தங்கம்மாளுக்கு முழுக்கப் படித்துக் காட்ட வேண்டும். நானே போகலாம் என்று நேற்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். ஏறவில்லை. அவர் என்னை அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் எனக்கு வாய் வராது.

மேலே கண்டது எல்லாம் என் வாயால் நானே சொன்னது. ஒருவர் சொல்லிக் கொடுத்தோ பயமுறுத்தியோ சொன்னது அல்ல. படித்துக் காட்டக் கேட்டேன், ஒரு சொல்லும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) அப்துல் வதூது
தில்லைநாதனின் மச்சான்